வாசலில் இரண்டு ஜோடி

ரோமானியர்கள் மண்ணுக்கடியில் கட்டிய தண்ணீர்த் தொட்டி அது. வாசலிலேயே என் மனைவி மரகதம் செருப்பைக் கழற்றிவிட்டாள். "தண்ணியும் தூணுமா கோயில் மாதிரி இருக்கு. நீங்களும் கழட்டுங்க," என்றாள். சுற்றுலா வந்த இடத்தில் சண்டை எதற்கு என்று நானும் கழற்றினேன். படியிறங்கி, கணுக்கால் அளவுத் தண்ணீரில் கடைசித் தூண் வரை போயிருப்போம். மூடும் நேரம் போல, மேலே கதவைச் சாத்திப் பூட்டும் சத்தம் கேட்டது. விளக்குகள் அணைந்தன. தடவித் தடவி ஏறி இரும்புக் கதவை அடித்தேன், கத்தினேன். என் குரல் கீழே போய்த் தூண்களையெல்லாம் சுற்றிவிட்டு என்னிடமே திரும்பி வந்தது. "ஏன் இப்படிப் பதறுறீங்க? செருப்பு வெளியே கிடக்குல்ல. உள்ள ஆள் இருக்குன்னு பாக்குறவனுக்குத் தெரியாதா?" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. கதவுக்கு அடியில் ஒரு விரல் உயரத்துக்கு வெளிச்சம் இருந்தது. இருவரும் படியில் குப்புறப் படுத்துப் பார்த்தோம். செருப்புகள் விட்ட இடத்தில் அப்படியே இருந்தன. இரண்டு பூட்ஸ் கால்கள் வந்து அவற்றின் முன்னால் நின்றன. நான் கதவைத் தட்டக் கையை ஓங்கினேன். மரகதம் பிடித்துக்கொண்டாள். "பாத்துட்டான். சும்மா இருங்க, இப்ப தொறப்பான்." ஒரு கை கீழே இறங்கியது. யாரோ மறந்துவிட்டுப் போன பொருளை எடுப்பதுபோல ஒவ்வொரு செருப்பாக எடுத்து, மண்ணைத் தட்டிவிட்டு, மேலே போனது. பூட்ஸ் கால்கள் நடந்தன. அந்த வெளிச்சத்தில் வெறும் தரைதான் மிஞ்சியது. அப்போதுதான் மரகதம் முதல் தடவையாகக் கத்தினாள்.