மூக்குக்குக் கிடைத்த மரியாதை

கறிக்குப் புகை போட்டு விற்கும் ஒருவரிடம் செவலை என்றொரு நாய் இருந்தது. எந்தக் கட்டையின் புகை கறிக்கு ருசி என்பதை அதை மோந்து பார்க்க விட்டுத்தான் அவர் முடிவு செய்வார். செவலைக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

"என் மூக்கைக் கேட்காம அடுப்புல ஒரு சுள்ளி ஏறாது, தெரியுமா?" என்று, தான் படுத்துக் கிடக்கும் கொய்யா மரத்திடம் பீற்றிக்கொண்டது.

"நல்லதுப்பா. என் பேச்சை மட்டும் அங்கே எடுத்துடாதே" என்றது மரம்.

"சேச்சே! உன் நிழல்தானே எனக்கு வீடு!"

மறுநாள் முதலாளி புளியங்கட்டையை நீட்டினார். செவலை முகத்தைத் திருப்பிக்கொண்டது. மாங்கட்டைக்கும் அதே கதைதான்.

"இதைவிட ஒசத்தியா எங்கேடா இருக்கு?" என்று அவர் அலுத்துக்கொள்ள, செவலைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஓடிப்போய்க் கொய்யா மரத்தடியில் நின்று குரைத்தது. குரைத்த பிறகுதான் புத்தி வந்தது.

"அடப்பாவி" என்றது மரம். அதற்குள் கோடரி வந்துவிட்டது.

கறி தயாரானபோது உச்சிவெயில். அடிக்கட்டையோரம் காய்ந்துகொண்டிருந்த செவலைக்குத்தான் முதல் துண்டு.

"மூக்குன்னா இது மூக்கு!" என்றார் முதலாளி.

கறியெல்லாம் நிழலின் வாசம். செவலை தலையைக் கவிழ்த்துக்கொண்டது. வால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.