சின்ன டெஸ்ட்

மெக்கானிக்கின் கழுத்தில் கரையாமல் நிற்கும் கட்டியை அழுத்திப் பார்த்த குடும்ப டாக்டர், முதுகைக் காட்டியபடி வெகுநேரமாகக் கை கழுவுகிறார். ஜன்னல் வெயிலில் சோப்பு நுரை மினுங்குகிறது. எப்போதும் “சிகரெட்டை விட்டுத் தொலைய்யா” என்று எரிந்துவிழும் மனிதரின் குரலில் இன்று தேன் வடிகிறது. “பயப்பட ஒண்ணுமில்ல. எதுக்கும் பெரிய ஆஸ்பத்திரில சின்னதா ஒரு டெஸ்ட் எடுத்துடலாம்.” மனைவி முழங்கையால் இடிக்கிறாள். “கேட்டீங்களா? கேன்சர் கீன்சர்னு ராத்திரியெல்லாம் என் உசுர வாங்கினீங்களே!” மெக்கானிக் காலர் பொத்தானைப் போடாமல் அந்த முதுகையே பார்க்கிறார். “டாக்டர், போன மாசம் உங்க காரைப் பாத்துட்டு நானும் இப்படித்தான் திரும்பி நின்னு கையத் தொடச்சேன். ‘ஒண்ணுமில்ல, எதுக்கும் கழட்டிப் பாத்துடலாம்’னேன். இன்ஜின் போயிடுச்சுன்னு எனக்கு அப்பவே தெரியும்.” டாக்டரின் கைகள் அசையாமல் நிற்கின்றன. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.