கழற்றிய ஆறு வளையல்கள்

காந்தி மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் வெங்காயச் சருகு காற்றில் புரள்கிறது. ஷஹர்பானுவின் இடது கையில் ஆறு பச்சைக் கண்ணாடி வளையல்கள். வலது கை வெறுமையாக இருக்கிறது. இராக்கின் நஜாஃப் நகரில் இருக்கும் ஷியா மௌலானா மௌத்தாகிவிட்டார் என்று காலையில் சேதி வந்ததும், துக்கத்துக்காகக் கழற்றத் தொடங்கினாள். பாதியில் இன்னொரு சேதி, உயிரோடுதான் இருக்கிறார் என்று. பிறகு மறுபடியும் இறந்துவிட்டார் என்று. கழற்றிய ஆறும் மடியில் கிடக்கின்றன. ஜன்னல் வெயில் அவற்றில் பட்டுச் சுவரில் பச்சையாக நடுங்குகிறது. வாசலில் கட்ட எடுத்த கறுப்புத் துணி நாற்காலியில் தொங்குகிறது. அந்த மௌலானாவிடம் ஓதப் போன மகன் பாகிர் பேசி ஐந்து மாதமாகிறது. போன் ஒளிர்கிறது. மகனின் குரல் பதிவு. “அம்மி, மௌலானா நல்லா இருக்காங்க. எல்லாம் வதந்தி. அழாதீங்க.” ஷஹர்பானு மறுபடி கேட்கிறாள். மறுபடியும். சந்தில் லோடு ஆட்டோ இரையும்போது போனைக் காதோடு அழுத்திக்கொள்கிறாள். பக்கத்து வீட்டு மலர்க்கொடி வளையல்களை எடுத்து நீட்டுகிறாள். “அதான் நல்லா இருக்காருன்னு சொல்லிட்டானேக்கா, போட்டுக்கங்க. இன்னும் என்ன கேக்கறீங்க?” ஷஹர்பானு போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. “அவனுக்குச் சளி பிடிச்சிருக்கு, மலரு.”