தோட்டாவின் கழுத்து

"இந்த டை சுட்ட கோதின்ர கழுத்தை மட்டும் இறுக்கும். மற்றது முழுக் கோதையும் இறுக்கும். எதை வாங்குவம், பிறேமி?"

எட்மண்டன் வீட்டுச் சமையலறையில் றெஜினோல்ட் மடிக்கணினியை மனைவி பக்கம் திருப்பினார். சுட்டு முடிந்த வெற்றுத் தோட்டாக் கோதுகளை 'டை' என்னும் அச்சில் இறுக்கி அளவாக்கி, வெடிமருந்து நிரப்பி, மறுபடி தன் ரைஃபிளில் போடுவது அவருடைய பொழுதுபோக்கு. தை மாதம் மகனை அடக்கம் செய்த பிறகு அவர் அதைத் தொட்டதில்லை. இப்படி வாய் திறந்து பேசியதும் இல்லை.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டாள் பிறேமினி. அவர் பேசிக்கொண்டே இருந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

"என்ர துவக்கில சுட்ட கோது, அதுக்கு அளவாத்தான் விரிஞ்சிருக்கும். அதையே திருப்பிப் போடுறதெண்டால் கழுத்தை இறுக்கினால் காணும்."

"அப்ப அதையே வாங்குங்கோ."

அழைப்பு மணி அடித்தது. வாசலில் இரண்டு பொலிஸ்காரர்கள் நின்றார்கள். பிறேமினி கணவர் பக்கம் திரும்பினாள்.

"கோவிக்காதேங்கோ. நான்தான் காலமை இவைக்குப் போன் எடுத்தனான். துவக்கு வீட்டில இருக்க எனக்குப் பயமாக் கிடந்தது."

றெஜினோல்ட் சட்டைப் பையிலிருந்து துவக்கு அலுமாரிச் சாவியை எடுத்துப் பொலிஸ்காரரிடம் நீட்டினார்.

"நீர் போன் எடுக்க முதலே நானும் இவைக்கு எடுத்திட்டன், பிறேமி. எனக்கும் என்னை நினைக்கப் பயமாத்தான் இருந்தது. இவை வருமட்டும் மனசை எதிலயாவது வைச்சிருக்க வேணுமெண்டுதான் டை பார்த்தனான்."

பொலிஸ்காரர்கள் துவக்கோடு போன பிறகுதான், மகன் போனதற்கு இருவரும் முதல் தடவையாகச் சேர்ந்து அழுதார்கள்.