லேபிளின் அடி ஓரம்

மாப்பிள்ளை கோவிந்தன் சொல்லிவந்த கதையில் ராஜாமணிக்குப் பத்து வருஷமாகவே சந்தேகம்.

ஜில்லாவில் மதுவிலக்கு வந்த மறு வருஷம் நடந்தது. ராஜாமணியின் தங்கை செல்லி, பிள்ளை பெற்று, ரத்தம் வற்றிக் கிடந்தாள். தினம் ஒரு கரண்டி ஒயின் கொடுத்தால் தேறுவாள் என்று டாக்டர் சீட்டு எழுதினார். புருஷன் கோவிந்தன் சேலம் போய் வாங்கிவந்தான்.

"சாராயமா இருந்தா வாயில வெக்க மாட்டேன். தாவூது பாய் லேபிளப் படிச்சுச் சொல்லட்டும்" என்றாள் செல்லி.

பாப்பாரப்பட்டியில் மருந்துக்கடை வைத்திருந்த தாவூது பாய்க்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும். வெளியூர் போயிருந்தவர் வந்து சேரச் சில நாளாயிற்று. வந்தார், படித்தார்.

"இது சாராயந்தான் தாயி."

செல்லி வாயை மூடிக்கொண்டாள். அந்த மாசம் தாண்டவில்லை.

"ஒரு பொய் சொல்ல அந்தாளுக்கு நாக்கு வரலையே மச்சான்" என்று கோவிந்தன் இன்றுவரை புலம்புகிறான்.

ராஜாமணிக்கு அதுதான் இடித்தது. கசப்பு மருந்தைச் சர்க்கரைத் தண்ணி என்று பிள்ளைகளுக்குப் புகட்டுகிற மனுஷன், சாகக் கிடந்தவளிடமா உண்மை பேசுவார்?

கடைசியில் பாயிடமே கேட்டுவிட்டார்.

"திராட்சை ரசம்னுதாங்க படிச்சேன்" என்றார் தாவூது பாய். "அவதான் என் கையப் புடிச்சா. 'சாராயம்னு சத்தமாச் சொல்லுங்க பாய், வாசல்ல நிக்கிறவருக்குக் கேக்கணும். சொல்லிட்டு புட்டிய எடுத்துட்டுப் போயிருங்க'ன்னா. நானே வெச்சிருந்து தெனம் ஒரு கரண்டி கொண்டாரேன்னேன். 'வாசன வந்தாலே அவரால தாங்க முடியாது. சாராயக் கடைய மூடினதாலதான் வூடு வந்து சேந்தாரு. நான் போனாலும் புள்ளைக்கு அப்பன் வேணும்'னுட்டா."

"ஏன் பாய் அப்படிச் சொன்னா?"

"லேபிளோட அடி ஓரத்துல வெரல வெச்சுக் காமிச்சா. ஒயின் அங்கதான் நின்னுச்சு. அதுக்கு மேல என்னக் கேக்காதீங்க."

ராஜாமணி நேராகக் கோவிந்தன் வீட்டுக்கு நடந்தார். உலகச் சண்டைக் காலத்தில் மதுவிலக்கு தளர்ந்து சாராயக் கடைகள் திரும்பத் திறந்தபோதுகூட அந்தப் பக்கம் திரும்பாதவன் கோவிந்தன். மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தான்.

"வாங்க மச்சான். என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?"

கேட்காமலே திரும்பிவிடலாம் என்று தோன்றியது ராஜாமணிக்கு. தங்கை உயிரைக் கொடுத்து வாங்கியது இந்தக் காட்சியைத்தானே? ஆனால் முடியவில்லை. பெண்ணை உள்ளே அனுப்பினார்.

"மாப்ள, செல்லி ஒரு சொட்டுகூட வாயில வெக்கலியே. அப்புறம் எப்படி ஒயின் லேபிளோட அடிக்கு எறங்குச்சு?"