பன்னிரண்டாவது மணி

மலைக்கோட்டைக்கு அரிசியும் உப்பும் பொதிமாடுகளின் முதுகில்தான் ஏறிவரும். பனி மூடிவிட்டால் வெளியே நிற்பது மாடா எதிரியா என்று தெரியாது. அதனால் பன்னிரண்டு மாடுகளின் கழுத்துமணியும் காதில் விழுந்தால்தான் கதவைத் திறக்கவேண்டும் என்பது அங்கே கட்டளை. ஒன்று குறைந்தாலும் வழியில் யாரோ மடக்கிவிட்டார்கள் என்று பொருள்.

நான்கு நாளாக உள்ளே அடுப்பு எரியவில்லை. காவல்காரன் வீரணன் கதவில் காதை ஒட்டவைத்துக் கேட்டான். பதினொரு மணிகள் சீராக வந்தன. செவலைக் காளையின் மணி மட்டும் பின்தங்கி, நடை தவறி ஒலித்தது. நொண்டுகிறதோ என்று பதறித் தாழை நீக்கினான். அதற்கென்று எப்போதும் எடுத்துவைக்கும் வெல்லத்துண்டு, இத்தனை பசியிலும் அவன் மடியில் அப்படியே இருந்தது.

கடைசியாகப் பனிக்குள்ளிருந்து வந்தவன் மாட்டுக்காரன் பொம்மையன். முதுகில் செவலையின் மூட்டை, கழுத்தில் செவலையின் மணி.

“மூணாவது வளைவுல படுத்தது, எந்திரிக்கவே இல்லண்ணே. மணி கொறஞ்சா நீங்க தெறக்க மாட்டீகளே.”

வீரணன் மூட்டையை இறக்கிவைத்தான். மணியை அவிழ்க்கப் போன கையைப் பொம்மையன் பிடித்துக்கொண்டான்.

“இருக்கட்டும்ணே.”

வீரணன் வெல்லத்தை எடுத்து, எப்போதும்போல் உள்ளங்கையில் வைத்து நீட்டினான். பொம்மையன் தலையைக் குனிந்தான். மணி ஒருமுறை ஒலித்தது.