ராஜகிரிக்கு வந்த அனுமதிக் கடிதம்

“உனக்குப் படிக்கத் தெரியுமாம்மா?” என்று சைபுதீன் கேட்டார்.

அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய அப்பா தனகோட்டி ராஜகிரிக் கோட்டை மலையடிவாரத்தில் வாட்ச்மேன். தொலைதூரத்தில் இருப்பவர்களோடு பேசும் ஹாம் ரேடியோப் பெட்டியோடு திண்டிவனத்திலிருந்து வந்த சைபுதீனை அவர் முதல் படியிலேயே மறித்துவிட்டார்.

“அவகிட்ட இன்னா சார் கேள்வி? ரேடியோவோட எவனையும் மேல ஏத்தக்கூடாதுன்னு ஆர்டரு. ஏத்தினா என் வேலை காலி.”

“உச்சியில இருந்து பேசினாத்தான்யா பெங்களூர் எட்டும். போன மாசமும் இப்படித்தான் திருப்பி அனுப்பினே. இந்தத் தடவ உங்க பெரிய ஆபீசர்கிட்டயே லெட்டர் வாங்கியாந்திருக்கேன். கடைசி வரியப் படிச்சா நீயே வழி விட்டுடுவே.”

“எனக்குக் கைநாட்டுதான். நீங்க படிச்சா உங்களுக்குத் தோதாத்தான் படிப்பீங்க. அஞ்சல, நீ படிடீ.”

அஞ்சலை கடிதத்தை வாங்கினாள். எட்டாவதோடு அவளை நிறுத்தி, பாடப் புத்தகங்களையெல்லாம் வெந்நீர் அடுப்பில் போட்டவர் அப்பாதான். “பொட்டப் புள்ளைக்குப் படிப்பு எதுக்கு? படிச்சதெல்லாம் மறந்துடு” என்று அன்றைக்குச் சொன்னார்.

கடிதத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

“மறந்துபோச்சு நைனா. நீதான மறக்கச் சொன்ன?”

“மக்குக் கழுதை!” தனகோட்டி சிரித்தார். “பாத்தீங்களா சார்? இன்னா லெட்டரோ, யாருக்குத் தெரியும்? எறங்குங்க.”

அஞ்சலை கடிதத்தை நான்காக மடித்து சைபுதீனிடம் நீட்டினாள். ‘இந்த முறையும் இவரைத் தடுத்தால் வாட்ச்மேன் தனகோட்டி அன்றே வேலையிலிருந்து நீக்கப்படுவார்.’ அந்தக் கடைசி வரியை அவள் இரண்டு முறை படித்திருந்தாள்.

சைபுதீன் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பெரிய ஆபீசரின் ஆபீஸ் இருக்கும் பக்கம் நடந்தார்.